குமிழி வரவில்லை, சுவாசமானி நகரவில்லை: ஒளிச்சேர்க்கை, சுவாச ஆய்வுகளில் கோளாறு பார்க்கும் முறை

பிப்ரவரி பிறந்தால் போதும், ஆய்வகத்தில் நாலு மேசையிலிருந்தும் ஒரே குரல்தான்: "மிஸ், குமிழி வரமாட்டேங்குது." மதுரையில் மேல்நிலை மாணவர்களுக்குத் தாவரவியல் செய்முறை நடத்துகிறவள் நான். ஆண்டு மாறினாலும் கோளாறுகள் மாறுவதில்லை. எது நடந்தால் எதை முதலில் பார்ப்பது என்று நோட்டில் குறித்து வைத்திருந்ததைத்தான் ஒழுங்குபடுத்தித் தந்திருக்கிறேன். செலவில்லாத காரணம் முதலில், காசு செலவாகும் காரணம் கடைசியில்.

எதற்கும் முன்னால் ஒன்று. பழியைச் செடிமேல் போடாதீர்கள். தண்ணீர், சூடு, கசிவு இந்த மூன்றையும் பார்த்து முடித்த பிறகுதான் செடியிடம் போக வேண்டும். எந்த ஆய்வாக இருந்தாலும் செடியோ விதையோ இல்லாத இன்னொரு குழாயை அதே மேசையில், அதே வெளிச்சத்தில் வையுங்கள். அந்த வெறுங்குழாய் இல்லாவிட்டால் கீழே சொல்லும் சோதனைகளில் பாதியைச் செய்ய முடியாது.

## வேலம்பாசியில் குமிழி வரவே இல்லை

வேலம்பாசி என்ற நீர்ச்செடி (ஹைட்ரில்லா) வெளிச்சத்தில் விடும் ஆக்சிஜன் குமிழியைப் பிடிக்க முகவை, கவிழ்த்த புனல், மேலே சோதனைக் குழாய். எல்லாம் சரியாக இருக்கிறது, அரை மணி நேரமாக ஒரு குமிழியும் இல்லை.

### தண்ணீர் எங்கிருந்து வந்தது?

ஒரு வருடம் செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் ஒத்திகை. ஆறு செட் வைத்தோம், ஆறிலும் ஒன்றும் இல்லை. பாசி செத்துவிட்டது, புதிதாக எடுக்க ஆள் அனுப்ப வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். ஆய்வகத்து அக்கா அப்போதுதான் சொன்னார்: "டீச்சர், நேத்தே தண்ணியக் கொதிக்க வச்சு ஆற வச்சுட்டேன். கிருமி கிருமின்னு சொல்வீங்கல்ல." கொதித்த தண்ணீரில் கரியமில வாயு கரைந்திருக்காது, எல்லாம் ஆவியோடு போயிருக்கும். அதில் பாசியைப் போட்டால் பாவம் அது என்ன செய்யும்? தண்ணீரை மாற்றினோம், கால் மணி நேரத்தில் ஆறு முகவையிலும் குமிழி வந்தது.

மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். வாயகன்ற பாத்திரத்தில் பிடித்து ஒரு ராத்திரி திறந்து வையுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தாலும் வேலம்பாசிக்குப் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. பாசி எந்தக் கண்மாயிலிருந்து வந்ததோ அந்தத் தண்ணீரையே ஒரு குடம் சேர்த்து எடுத்து வந்தால் இன்னும் நல்லது.

### ஆப்பச் சோடா போட்டீர்களா?

தண்ணீரில் பாசிக்கு வேண்டிய கரியமில வாயுவைக் கூட்டத்தான் ஆப்பச் சோடா. ஒரு லிட்டருக்கு 2 முதல் 5 கிராம் வரை போதும். அரை லிட்டர் முகவைக்கு அரை டீஸ்பூனுக்கு மேல் போகக் கூடாது. "நிறையப் போட்டா நிறைய வரும்ல மிஸ்" என்று ஒரு கரண்டி போட்டவர்கள் உண்டு. அந்தப் பாசி மறுநாள் குழைந்து கிடந்தது. சலவைச் சோடாவையும் பேக்கிங் பவுடரையும் ஆப்பச் சோடா என்று எண்ணி வாங்கி வராதீர்கள், இரண்டும் வேறு.

### வெட்டிய முனை மேலே பார்க்கிறதா?

குமிழி வருவது தண்டின் வெட்டு வாயிலிருந்து. அந்த வாய் புனலின் காம்புப் பக்கம், மேல்நோக்கி இருக்க வேண்டும். வெட்டுவதையும் தண்ணீருக்குள் வைத்தே, புது பிளேடால், சாய்வாக வெட்டுங்கள். கத்தரிக்கோல் தண்டை நசுக்கிவிடும், காற்றுப்பாதை அடைத்துக்கொள்ளும். முதலில் வந்த குமிழி பாதியில் நின்றால், அதே முனையில் இன்னும் 2, 3 மி.மீ. நறுக்கிப் பாருங்கள். பலமுறை இதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

### வெளிச்சம் போதுமா?

முன்பெல்லாம் 100 வாட் குண்டு பல்பு வைப்போம், குமிழி பிய்த்துக்கொண்டு வரும். இப்போது 9 வாட் எல்இடி பல்பை மேசையின் அந்தக் கோடியில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறோம். பல்பை முகவைக்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். அதைவிடச் சுலபம், முகவையை வராந்தாவுக்கு எடுத்துப் போவது. காலை 8 முதல் 10 மணி வரை உள்ள வெயில்தான் எனக்கு வாய்த்த சிறந்த விளக்கு. மதியம் வைக்காதீர்கள். பங்குனி, சித்திரை வெயிலில் முகவைத் தண்ணீர் கொதித்த கஞ்சி மாதிரி ஆகிவிடும், பாசி சோர்ந்துவிடும்.

### கடைசியாக, பாசி

ஒரு துண்டை விரலால் உருவிப் பாருங்கள். வேலம்பாசியில் ஒவ்வொரு கணுவிலும் நாலைந்து சின்ன இலைகள் வட்டமாக நிற்கும், ஓரம் அரம் போல் சொரசொரக்கும். இலை கவையாகப் பிரிந்திருந்தால் அது வேறு பாசி. கீழ்ப்பகுதி இலைகளில் வெள்ளையாக மாவு பூசியது போல இருந்தால் அது தூசியல்ல. நம் பக்கத்துக் கடினத் தண்ணீரில் பாசி பைகார்பனேட்டை எடுத்துக்கொள்ளும்போது சுண்ணாம்பு இலைமேல் படிகிறது. அந்தத் தண்டை ஒதுக்கிவிட்டு, நுனியிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குப் பச்சையாக, மொறுமொறுப்பாக இருப்பதை மட்டும் எடுங்கள்.

ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும் கண்மாயில் தேடிப் பயனில்லை. அந்த நிழலில் அடியில் எதுவும் தழைக்காது. நான் எடுப்பது மேலூர்ப் பக்கத்து வயல் கிணற்றில். துணிப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தால் வந்து சேர்வதற்குள் வதங்கிவிடும். மூடி போட்ட பெயின்ட் வாளியில் தண்ணீரோடு கொண்டுவாருங்கள். மீன் தொட்டிக் கடையிலும் கிடைக்கும், காசு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

## விளக்கை அணைத்த பிறகும் குமிழி நிற்கவில்லை

அணைத்து இரண்டொரு நிமிடம் வந்தால் பரவாயில்லை. பத்து நிமிடம் கழித்தும் வந்தால் அது ஒளிச்சேர்க்கை இல்லை, தண்ணீர் சூடாகிக் காற்றைத் துப்புகிறது.

25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் காற்றிலிருந்து ஏறக்குறைய 8 மி.கி. ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 35 டிகிரியில் 7 மி.கி. அளவுதான். மண்பானைத் தண்ணீரை ஊற்றி வெயிலில் வைத்தால், அந்த வித்தியாசமே லிட்டருக்கு 1 மி.லி. வரை ஆக்சிஜனாக வெளியேறும், கூடவே அதைவிடக் கூடுதலாக நைட்ரஜனும். மாணவன் குழாயில் சேர்ந்த வாயுவை அளந்து "பாசி தந்தது" என்று எழுதிவிடுவான்.

சோதனை: வெந்நீரில் முக்கி எடுத்த ஒரு பாசித் துண்டை இன்னொரு புனலுக்குள் வையுங்கள். அதிலும் குமிழி ஏறினால் தண்ணீர்தான் குற்றவாளி. தண்ணீரை ஒரு மணி நேரம் முன்பே ஆய்வு நடக்கும் இடத்தில் வைத்து, அந்தச் சூட்டுக்கு வந்த பிறகு பாசியைப் போடுங்கள். குமிழி தண்டின் முனையிலிருந்து சரம் சரமாக வருகிறதா, கண்ணாடிச் சுவரிலும் இலைமேலும் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்றும் கவனியுங்கள். எண்ண வேண்டியது முதலாவதை மட்டும்.

## வாயு சேர்ந்தது, ஆனால் ஊதுபத்திக் கங்கு பற்றவில்லை

சேர்ந்தது முழுக்க ஆக்சிஜன் அல்ல, நைட்ரஜனும் கலந்தே வரும். கால் குழாய் கூடச் சேராமல் சோதிக்காதீர்கள். குழாயை எடுக்கும்போது தண்ணீருக்குள்ளேயே கட்டைவிரலால் வாயை மூடி எடுங்கள். முதல் அரை மணி நேரத்தில் சேர்ந்ததை வெளியேற்றிவிட்டு மறுபடி பிடித்தால் பெரும்பாலும் கங்கு சுடர்விடும். அப்போதும் பற்றவில்லை என்றால் மேலே சொன்ன சூடேறிய தண்ணீர்க் கதைதான்.

## சுவாசமானியில் நிறத்தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடுகிறது

முளைவிட்ட பயறு, கேஓஹெச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு), நுண்குழாயில் ஒரு சொட்டு நிறத்தண்ணீர். விதை ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், வரும் கரியமில வாயுவை கேஓஹெச் விழுங்கும், சொட்டு விதைப் பக்கம் நகர வேண்டும். நகராமல் வெளியே தள்ளப்படுகிறது என்றால்:

### குழாயைக் கையால் பிடித்திருக்கிறீர்கள்

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். குழாயில் 50 மி.லி. காற்று. அது ஒரே ஒரு டிகிரி சூடானால் 0.16 மி.லி. விரிகிறது. கேட்கக் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நுண்குழாயின் உள்விட்டம் 1 மி.மீ. என்றால் அந்த 0.16 மி.லி. சொட்டை 20 செ.மீ.க்கு மேல் தள்ளும். எங்கள் நுண்குழாயே அவ்வளவு நீளம் கிடையாது. குழாய்க்குள் ஈரம் இருப்பதால் நிஜத்தில் இன்னும் அதிகமாகவே தள்ளும். விதை ஒரு மணி நேரம் சுவாசித்துச் செய்வதை உங்கள் உள்ளங்கை அரை நிமிடத்தில் அழித்துவிடுகிறது.

இதை முதல் நாளே நான் மாணவர்களுக்குச் செய்து காட்டிவிடுவேன். வெறுங்குழாயில் சொட்டை ஏற்றி, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "தொட வேண்டாம், குழாயச் சுத்திக் கையக் குவிச்சு மட்டும் வை" என்பேன். சொட்டு ஊரத் தொடங்கும். "மிஸ், தொடவேயில்ல, ஓடுது!" அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் குழாயைப் பிடித்துக்கொண்டு அளவு எடுத்ததில்லை.

தீர்வு ஒரு வாளித் தண்ணீர். விதைக் குழாய், வெறுங்குழாய் இரண்டையும் கழுத்தளவு தண்ணீரில் நிறுத்தி 15 நிமிடம் அப்படியே விடுங்கள். நுண்குழாயின் வாயை அதுவரை திறந்து வைத்து, பிறகு சொட்டை ஏற்றுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழேயும் ஜன்னல் வெயிலிலும் வேண்டாம். வெறுங்குழாயில் விதைக்குச் சமமான கன அளவுக்குக் கழுவிய கூழாங்கல்லோ கண்ணாடி மணியோ போடுங்கள், இல்லாவிட்டால் இரண்டிலும் காற்றின் அளவு வேறாகிவிடும். வெறுங்குழாய் எவ்வளவு நகர்ந்ததோ அதை விதைக் குழாயின் அளவில் கழியுங்கள். இரண்டும் எதிரெதிராக நகர்ந்தால் கூட்ட வேண்டும். அவசரத்தில் இங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

### விதை தண்ணீரில் முங்கிக் கிடக்கிறது

மூக்கால் கண்டுபிடிக்கலாம். மூடியைத் திறந்ததும் கள்ளு வாடை அடித்தால் விதை ஆக்சிஜன் இல்லாமல் நொதித்துக்கொண்டிருக்கிறது, கரியமில வாயு மிஞ்சுகிறது. தண்ணீரை வடித்து, ஈரப் பஞ்சின் மேல் விதையைப் பரப்புங்கள்.

### கேஓஹெச் செத்துவிட்டது

திறந்து மூடிய பாட்டிலில் கேஓஹெச் காற்றிலிருந்தே கரியமில வாயுவை வாங்கிக் கார்பனேட்டாக மாறிவிடும். ஒரு துண்டை நிறையத் தண்ணீரில் கரைத்து, ஆறவிட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். லேசாகப் பொங்கினால் வேலை செய்யும். சோடா பாட்டில் திறந்தது போல் பொங்கினால் அந்தப் பாட்டிலைத் தள்ளிவைத்துப் புதிது வாங்குங்கள்.

கேஓஹெச்சைக் கையால் தொடவே கூடாது, அலுமினியப் பாத்திரத்திலும் போடக் கூடாது. கண்ணில் தெறித்தால் உடனே குழாயடியில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

## நிறத்தண்ணீர் நகரவே இல்லை

பத்தில் எட்டு முறை கசிவு.   சிலிண்டருக்குச் செய்வது போலக் கார்க்கைச் சுற்றிச் சோப்பு நுரை தடவலாம், ஆனால் அழுத்தம் குறைவு என்பதால் நுரை எப்போதும் காட்டிக்கொடுக்காது. அதனால் நான் நேரே வாசலினைத் தடவிவிடுவேன், கண்ணாடிக் குழாய் கார்க்குக்குள் நுழையும் இடத்திலும் சேர்த்து. நம் ஊர்ச் சூட்டில் ரப்பர் கார்க் இரண்டு வருடத்தில் இறுகி விரிசல் விட்டுவிடுகிறது. நகத்தால் அழுத்தினால் பதியாத கார்க்கைத் தூக்கி எறியுங்கள்.

கசிவு இல்லையென்றால் சொட்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம். நுண்குழாயைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிறத்தண்ணீரிலும் ஒரு துளி திரவச் சோப்பு சேருங்கள். கேஓஹெச் விதைமேல் பட்டிருந்தால் விதை கருகியிருக்கும், பார்த்தாலே தெரியும். முளை அரை செ.மீ. நீட்டாத விதையில் வேகம் எதிர்பார்க்க வேண்டாம்.

கண்ணாடி இணைப்பிலேயே கீறல் என்றால் பசை போட்டு ஒட்டாதீர்கள், ஒருநாள் மாணவன் கையில் உடையும். கண்ணாடி ஊதும் தொழிலாளியிடம் கொடுங்கள் அல்லது புதிது வாங்குங்கள்.

## முதலில் ஓடியது, பிறகு நின்றுவிட்டது

50 மி.லி. காற்றில் ஆக்சிஜன் 10 மி.லி. சொச்சம்தான். ராத்திரி முழுக்க மூடி வைத்தால் விதை அதைத் தீர்த்துவிடும். திறந்து, விசிறி, மறுபடி மூடுங்கள்.

## அவித்த பயறுக் குழாயும் நகர்கிறது

உயிர் இல்லாத விதை சுவாசிக்கக் கூடாது. ஆனால் சுவாசிக்கிறது என்றால் பயறு ஊசிப்போய்விட்டது. மதுரைச் சூட்டில் காலையில் அவித்தது மாலைக்குள்ளேயே நூல் விட ஆரம்பிக்கும். நகர்த்துவது பாக்டீரியாவும் பூஞ்சையும். அவித்த உடனே, மூடிய குழாயில், அன்றே முடித்துவிடுங்கள். மறுநாளுக்கு நீள வேண்டும் என்றால் பிளீச்சிங் கரைசலில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, சுத்தத் தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். உயிருள்ள விதைக்கும் இதையே செய்யுங்கள், இரண்டுக்கும் ஒரே நீதி.

## கேஓஹெச் போடாமலே குழாயில் திரவ மட்டம் ஏறுகிறது

ஆமணக்கு, நிலக்கடலை, எள் வைத்தவர்கள் பயந்துபோய் வருவார்கள். இது கோளாறே இல்லை. எண்ணெய் வித்து எடுக்கும் ஆக்சிஜனைவிட விடும் கரியமில வாயு குறைவு. கொழுப்புக்குச் சுவாச ஈவு (விடும் கரியமில வாயுவை எடுக்கும் ஆக்சிஜனால் வகுத்தது) சுமார் 0.7, அதனால் மட்டம் ஏறத்தான் செய்யும். நெல், கோதுமையில் ஈவு 1 என்பதால் மட்டம் அசையாது. பழைய கேனாங் சுவாசமானியில் பாதரசம் ஊற்றுவார்கள். அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள், செறிந்த உப்புத் தண்ணீர் போதும். அலமாரியில் பழைய பாதரசம் இருந்து சிந்திவிட்டால் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள்.

## சுண்ணாம்பு நீர் ஆரம்பத்திலேயே வெளுத்திருக்கிறது

வெற்றிலைச் சுண்ணாம்பில் செய்வது நல்ல வழிதான். ஆனால் போர் தண்ணீரில் கரைத்தால், அதில் இருக்கும் பைகார்பனேட்டோடு சேர்ந்து அப்போதே பால் மாதிரி ஆகிவிடும். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி அதில் கரையுங்கள். ஒரு ராத்திரி தெளியவிட்டு, மேலே உள்ளதை மட்டும் இறுத்து, பாட்டில் நிறைய ஊற்றி இறுக்கி மூடுங்கள். ஆய்வின் நடுவே வெளுத்தது மறுபடி தெளிந்தால் கரியமில வாயு மிகுதியாகப் போயிருக்கிறது, ஆய்வு வெற்றிதான்.

## சென்சார் வைத்த ஜாடியில் வெளிச்சத்திலும் கரியமில வாயு கூடுகிறது

இப்போது பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்குச் சென்சாரோடு வருகிறார்கள், எனக்கு மனம் நிறைந்த சந்தோஷம். ஆனால் முதலில் சென்சாரின் பெயரைப் பாருங்கள். எம்க்யூ-135 என்று இருந்தால் அது கரியமில வாயுவை அளக்காது. புகை, அம்மோனியா, சானிடைசர் வாடை எல்லாவற்றுக்கும் ஆடும். அகச்சிவப்பு வகைதான் வேண்டும்.

அகச்சிவப்பு வகையே வைத்தும் கூடுகிறது என்றால், செடி தொட்டியோடு உள்ளே இருக்கிறதா? மண்ணும் வேரும் சேர்ந்து விடும் மூச்சு இலை எடுப்பதைவிட மிஞ்சிவிடும். தொட்டியைப் பாலித்தீன் பையில் கட்டி, தண்டை மட்டும் வெளியே விடுங்கள். மூடும்போது குனிந்து மூச்சு விட்டீர்களா? நம் மூச்சில் கரியமில வாயு ஏறக்குறைய 4 விழுக்காடு. 5 லிட்டர் ஜாடிக்குள் ஒரு மூச்சு முழுதாகப் போனால் 4000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 4000 பங்கு) ஏறும். முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடுங்கள். பிறகு வெளிச்சம். அறைக்குள் இருக்கும் விளக்கில் இலையின் ஒளிச்சேர்க்கை அதன் சுவாசத்தைக்கூட ஈடுகட்டாமல் போகலாம்.

சோற்றுக்கற்றாழை வாடாது என்பதற்காக அதை வைக்காதீர்கள். பகலில் அது இலைத்துளையை மூடிவிடும், ராத்திரியில்தான் கரியமில வாயு எடுக்கும். சப்பாத்திக்கள்ளியும் அப்படியே.

அளவு இறங்கி 50, 60 பிபிஎம்மில் நின்றுவிட்டதா? சென்சார் மாட்டிக்கொள்ளவில்லை. பயறு, கத்தரி போன்றவை அதற்குக் கீழே இழுக்க முடியாது. மக்காச்சோளம், கரும்பு வைத்தால் கிட்டத்தட்ட 10-க்கும் கீழே போகும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், நான் பார்த்ததிலேயே அழகான செய்முறை அது.

வெளிக்காற்றில் 420-ஐ ஒட்டிக் காட்டாத சென்சாரை மொட்டைமாடியில் 20 நிமிடம் வைத்து அளவு திருத்துங்கள். வகுப்பறையில் செய்யாதீர்கள். பல மாடல்கள் ஒரு நாளில் கண்ட குறைந்த அளவையே வெளிக்காற்று என்று எடுத்துக்கொள்ளும், மூடிய ஜாடியில் நாள் கணக்கில் வைத்தால் கெட்டுப்போகும். அந்த வசதியை அணைத்துவிட்டு வையுங்கள். ஜாடிச் சுவரில் நீர் பூத்தால் சென்சாரும் நனையும், சிறு துணியில் சிலிக்கா ஜெல் கட்டிப் போடுங்கள்.

## வயலில் இலையைக் கவ்வும் கருவி எதிர்மறை அளவு காட்டுகிறது

இலையைக் கவ்வி, அது எடுக்கும் கரியமில வாயுவை வயலிலேயே அளக்கும் கருவி; இது கல்லூரி ஆய்வாளர்களுக்கு. விலை அதிகம் என்பதால் பயந்து உடனே சர்வீஸுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு முன் இவற்றைப் பாருங்கள்: நேரம் பகல் 12 தாண்டிவிட்டதா (வெயில் ஏறினால் இலைத்துளை மூடிக்கொள்ளும், 9 முதல் 11 மணிக்குள் எடுங்கள்), காற்று வரும் குழாய் உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா, கவ்வியின் நுரைப்பட்டை அமுங்கித் தேய்ந்திருக்கிறதா, இலை கவ்வியின் அறையை முழுக்க நிரப்புகிறதா. நெல் இலைக்கும் முருங்கைக்கும் பரப்பளவை நீங்களே அளந்து போட வேண்டும். இலைக்கு முன்னும் பின்னும் காற்றை அளக்கும் இரண்டு பக்க அளவியையும் ஒப்பிட்டுச் சமன் செய்தீர்களா என்பதையும் மறக்காதீர்கள். வேலை முடிந்ததும் கவ்வியை மூடிய நிலையில் பெட்டியில் வைக்காதீர்கள்.

கரியமில வாயுவை உறிஞ்சும் குருணையான சோடா லைம் வழியாகக் காற்றை விட்டால் கரியமில வாயு பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். வரவில்லையென்றால் சோடா லைமையும் ஈரம் உறிஞ்சும் குருணையையும் மாற்றி, மறுபடி பாருங்கள். அப்போதும் பூஜ்யம் வராமல் போனால் அங்கே நிறுத்துங்கள். ஒளிப்பாதை இருக்கும் பெட்டியைத் திறக்கவே கூடாது, சர்வீஸ் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். சோடா லைம் மாற்றிய தேதி, மாற்றும் முன்பும் பின்பும் வந்த பூஜ்ய அளவு, அன்றைய அறைச் சூடு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கருவிப் பெட்டியிலேயே வையுங்கள். வந்ததும் அவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.